யார் கைச் சாண்?

எண்சாண் உடம்பு என்று சொல்கிறோம். யாருடைய சாண் என்று எவரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. அவரவர் கைக்கு அவரவர் உடம்பு ஏறக்குறைய எட்டுச் சாண். ஐந்து வயதுக் குழந்தையின் உடம்பும் அதன் பிஞ்சுக் கைக்கு எட்டுச் சாண்தான். அதே குழந்தையைத் தகப்பனின் கையால் அளந்தால் ஐந்து சாண்கூடத் தேறாது. அதை வைத்துக்கொண்டு, "இந்தக் குழந்தையின் உடம்பில் மூன்று சாண் குறைகிறது" என்று ஒருவர் சொன்னால் நாம் சிரிப்போம்.

உடம்பை அளக்கும்போது இவ்வளவு எளிதாகத் தெரிகிற இந்த நியாயம், மனத்தை அளக்கப் புகும்போது நமக்கு மறந்துபோகிறது. நினைவை அளக்க வந்தவர்களே இதை மறந்த கதை ஒன்று உண்டு. அவர்கள் மறந்ததைக் கண்டு கோபம் கொண்ட நான், அதைவிடப் பெரிய ஒன்றை மறந்த கதையும் உண்டு. இரண்டையும் சொல்லிவிடத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெரியம்மா இருப்பது கலசப்பாக்கத்தில். செய்யாற்றங்கரை ஊர். ரதசப்தமி அன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் அங்கே எழுந்தருளுவார். ஆற்றில் தீர்த்தவாரி நடக்கும். பெரியம்மாவின் வீட்டுக்காரர் ஆரணி முதலாளி ஒருவருக்குக் கூலிக்குப் பட்டு நெய்தவர். அவர் தறியில் இருக்க, பெரியம்மா ராட்டையின் முன் உட்கார்ந்து தார் சுற்றுவாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே பள்ளியிலிருந்து நிறுத்தி ராட்டையில் உட்கார வைக்கப்பட்டவள் அவள். அதற்கப்புறம் பென்சில் என்ற பொருளை அவள் கை தொட்டதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ரதசப்தமிக்குப் போனவன் பத்து நாள் அங்கேயே தங்கிவிட்டேன். அப்போது அவளுக்கு எழுபத்து நான்கு வயது. அடிக்கடி தலை சுற்றுகிறது என்று சொன்னாள். மருமகள் வீட்டு வேலையை விட்டு வர முடியாத நிலை. நானே அவளைப் பக்கத்து நகரத்தில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனேன். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். வேறு என்னென்னவோ பார்த்தார்கள். கடைசியில் ஒரு சின்னப் பெண் கையில் தாளோடு வந்து, "பாட்டிக்கு ஞாபகசக்தி எப்படி இருக்கு என்று பார்க்கணும்" என்றாள்.

"இன்னிக்கு என்ன தேதி, பாட்டி?"

பெரியம்மா யோசிக்கவே இல்லை. "ரதசப்தமி ஆகி எட்டாம் நாளு. பௌர்ணமி" என்றாள்.

அந்தப் பெண் தாளில் தேதிக்கு எதிரே சுழியம் போட்டாள். அப்புறம் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத வார்த்தைகள் சிலவற்றைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். தாளில் ஒரு வாக்கியம் எழுதச் சொன்னாள். ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் இரண்டு ஐங்கோணங்களைக் காட்டி, "இதேபோல் வரைங்க" என்று பென்சிலை நீட்டினாள். பெரியம்மா பென்சிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

முப்பதுக்குப் பத்தொன்பது. "மறதி நோயின் ஆரம்பம் மாதிரி இருக்கு, மேற்கொண்டு பரிசோதனை செய்ய வேண்டும்" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அறுபது ஆண்டு பட்டு நூலோடு வாழ்ந்தவளை, அவள் வாழ்க்கையில் ஒருநாளும் இல்லாத ஐங்கோணத்தைக் கொண்டு அளப்பதா? பேருந்தில் திரும்பி வரும்போது அவளிடம், "என் கலியாணத்துக்கு நெய்த கூறைப்புடவை ஞாபகம் இருக்கிறதா, பெரியம்மா?" என்று கேட்டேன்.

"இல்லாம எங்கே போவும்? உடம்பு அரக்கு. கரை மயில்கழுத்து. முந்தியிலே மாங்கா. அந்தப் பாவு பிணைக்கிற அன்னிக்குத்தான் உங்க பெரியப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் தறி நின்னு போச்சு. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரிதான் அறுத்துக் கொடுத்தாங்க."

முப்பது ஆண்டுக்கு முந்திய செய்தி! இவளுக்கா மறதி? அந்தத் தாளைக் கிழித்துச் சன்னலுக்கு வெளியே எறிந்தேன்.

சென்னைக்குத் திரும்பியதும், என் கோபத்துக்கு ஆதாரம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆதாரம் ஏராளமாகக் கிடைத்தது.

அந்த முப்பது மதிப்பெண் சோதனை 1975இல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீனும் அவருடைய துணைவர்களும் வெளியிட்டது. பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்பதால் உலகமெங்கும் பரவியது. இருபத்து நான்குக்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும் என்பது வழக்கமாயிற்று. 1993இல் அந்த ஃபோல்ஸ்டீனும் சேர்ந்து, அமெரிக்காவில் 18,056 பேருடைய மதிப்பெண்களை வயதுவாரியாகவும் படிப்புவாரியாகவும் பிரித்து வெளியிட்டார்கள். ஒன்பது ஆண்டும் அதற்கு மேலும் படித்தவர்களை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் 29 வாங்கியிருந்தார். ஐந்து முதல் எட்டு ஆண்டு படித்தவர்களில் நடுவர் 26. நான்கு ஆண்டோ அதற்கும் குறைவாகவோ படித்தவர்களில் நடுவர் வாங்கியது 22. அமெரிக்காவிலேயே பள்ளிக்கூடத்தை அதிகம் பார்க்காதவர்களில் பாதிப் பேருக்கு மேல் சந்தேகக் கோட்டுக்குக் கீழே நிற்கிறார்கள் என்று அர்த்தம். அத்தனை பேருக்கும் மூளையிலா கோளாறு? கோட்டில்தான் கோளாறு.

சோதனைக்கு ஒரு கோடு எப்படி வருகிறது என்று நினைக்கிறீர்கள்? அது வானத்திலிருந்து வருவதில்லை. நோய் இல்லை என்று தெரிந்த பலரைச் சேர்த்து, அதே கேள்விகளைக் கேட்டு, அவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று பார்க்கிறார்கள். அவர்களில் மிகக் கீழே நிற்கும் ஒரு சிறு பங்கினர் எங்கே தொடங்குகிறார்களோ, அங்கே கோடு போடுகிறார்கள். ஆகவே ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஒரு கூட்டம் நிற்கிறது. "நீ குறைந்தவள்" என்று ஒருத்தியிடம் சொல்லும்போது, "இந்தக் கூட்டத்தைவிடக் குறைந்தவள்" என்றுதான் சொல்கிறோம். கூட்டத்தின் பெயரைச் சொல்லாமல் மறைத்துவிட்டால், ஒப்பீடு தீர்ப்பாகிவிடுகிறது. இந்தக் கோட்டுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதற்குத் தச்சனின் மூலைமட்டம் என்று பொருள். மரத்துக்கு மூலைமட்டம் பொருந்தும். எல்லா மனிதருக்கும் ஒரே மூலைமட்டம் பொருந்துமா?

பொருந்தாது என்று கண்டவர்களும் இருந்தார்கள். டெல்லிக்குப் பக்கத்தில் அரியானாவில் பல்லப்கட் என்ற ஊர். எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து முதியோர் நிறைந்த அந்த வட்டாரத்துக்காக மேரி கங்குலி என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் அந்தச் சோதனையை இந்தியில் புதிதாக வார்த்து 1995இல் வெளியிட்டார்கள். "கண்ணை மூடு என்று எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்" என்ற கேள்வி, "என் முகத்தைப் பார், நான் செய்வதைச் செய்" என்று மாறியது. வாக்கியம் எழுதுவதற்குப் பதில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்றார்கள்.

பத்து வார்த்தைகளைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையும் அப்படியே மாறியது. பணக்கார நாடுகளுக்கு வெளியே மறதி நோயை ஆராய எழுந்த '10/66' என்ற குழு எடுத்துக்கொண்ட பட்டியலைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: வெண்ணெய், கை, கடிதம், ராணி, டிக்கெட்டு, புல், மூலை, கல், புத்தகம், கம்பு. இவற்றில் கடைசி நான்கும் மாற்றி வைத்தவை. அமெரிக்கப் பட்டியலில் கழி, கடற்கரை, மரக்குடில், எஞ்சின் என்று இருந்தன. மூன்று முறை படித்துக் காட்டி ஒவ்வொரு முறையும் சொல்லச் சொல்வார்கள். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்பார்கள். அவர்கள் வந்த இடங்களில் ஒன்று நம் வேலூரைச் சுற்றிய கிராமங்கள், அதாவது எங்கள் ஆரணிக்குப் பக்கம்தான். அங்கும் சென்னையிலும், சீனாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் சேர்த்த மதிப்பெண்களை வயது, படிப்பு, ஆண் பெண் என்று பிரித்து 2009இல் வெளியிட்டார்கள். வேலூர்க் கிழவிக்கு முதல்முறையாக அவள் கைச் சாண் கிடைத்தது.

வார்த்தைகளை மாற்றினால் மட்டும் போதுமா என்று கேட்டவர்களும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா நாட்டுக் கிபெல்லே மக்களிடையே மைக்கேல் கோல் முதலியோர் செய்த ஆராய்ச்சி 1971இல் புத்தகமாக வந்தது. பள்ளி செல்லாத அந்த மக்கள், பொருள்களின் பெயர்களை வெறும் பட்டியலாகச் சொன்னபோது அதிகம் நினைவில் வைக்கவில்லை. அதே பெயர்களை ஒரு கதைக்குள் வைத்துச் சொன்னபோது நன்றாக நினைவில் வைத்தார்கள். தொடர்பில்லாத சொற்களை, காரணம் எதுவும் கேட்காமல் நெட்டுருப் போடுவது பள்ளிக்கூடம் பழக்கும் வித்தை. பெரியம்மாவுக்குப் பாவு பிணைத்த நாளோடு பெரியப்பாவின் காய்ச்சல் நினைவிருந்ததும் இப்படித்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இவ்வளவையும் படித்து முடித்து, வெற்றி பெற்றவனைப்போல் கலசப்பாக்கத்துக்குக் கடிதம் எழுதினேன். "பெரியம்மாவுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் அளந்த அளவுகோல்தான் தவறு. இனி யாரும் அவளை அந்த மாதிரிச் சோதனைக்கு அழைத்துப் போக வேண்டாம்."

ஏழு மாதம் கழித்து ஓர் இரவு தொலைபேசி வந்தது. பெரியம்மாவைக் காணோம். மாலையில் கோயிலுக்குப் போனவள் திரும்பவில்லை. ஊரே தேடியது. விடியற்காலையில், செய்யாற்று மணலில், காலில் முள் தைத்து ரத்தம் கசிய உட்கார்ந்திருந்தவளைக் கண்டுபிடித்தார்கள். "அவரு தறியை விட்டு எழுந்துட்டாரா?" என்று கேட்டாளாம். பெரியப்பா காலமாகிப் பன்னிரண்டு ஆண்டு ஆகியிருந்தது.

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது, மருமகள் கதவோரம் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஒன்றரை வருஷமாவே இப்படித்தான், மாமா. உப்பை ரெண்டு தரம் போடுவாங்க. சொன்னதையே சொல்லுவாங்க. போன தீபாவளிக்கு முன்னே, பச்சை ஊடை சுத்தச் சொன்னா அரக்கைச் சுத்தி வெச்சிருந்தாங்க. அம்மா கை அப்படித் தப்புப் பண்ணி நான் பார்த்ததே கிடையாது. யாருக்கும் தெரிய வேணாம்னு ராத்திரியிலே உட்கார்ந்து நானே மாத்திச் சுத்தி வெச்சிடுவேன்."

"என்னிடம் ஏனம்மா சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலையே, மாமா. அப்புறம் ஒண்ணும் இல்லேன்னு கடுதாசியும் போட்டுட்டீங்க. படிச்சவங்க சொல்றப்போ..."

சிறிது நேரம் கழித்து, குற்றத்தை ஒப்புக்கொள்பவளைப்போல் இதையும் சொன்னாள். "ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு, 'இன்னிக்குப் பௌர்ணமி, ரதசப்தமி ஆகி எட்டாம் நாளு'ன்னு காலையிலே பத்துத் தடவை சொல்லி அனுப்பினேன். யாராவது கேட்டா அம்மா தலை குனியக் கூடாதேன்னு..."

நான் என்ன செய்திருந்தேன் என்று அப்போதுதான் விளங்கியது. கதை எழுதுகிறவனுக்கு நல்ல காட்சி ஒன்று கிடைத்துவிட்டால் போதும், அதையே சாட்சியமாக எடுத்துக்கொண்டுவிடுவான். கூறைப்புடவையின் கதை எனக்கு அப்படிப்பட்ட காட்சி. மறதி நோயில் பழைய நினைவுகள் வெகுகாலம் நிலைத்திருக்கும், நேற்றைய நினைவுதான் முதலில் போகும் என்பது டாக்டர்கள் எல்லோரும் அறிந்த விஷயம். முப்பது ஆண்டுக்கு முந்திய புடவையை அவள் சொன்னதால் நிரூபணமானது எதுவும் இல்லை. அன்று காலை என்ன சாப்பிட்டாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

மருத்துவமனை அவளைத் தவறான சாணால் அளந்தது உண்மை. ஆனால் அளவுகோல் தவறு என்பதாலேயே அளக்கப்பட்ட பொருள் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது. இந்தச் சின்னத் தர்க்கம், என் கோபத்தின் நியாயத்தில் எனக்குத் தெரியாமல் போயிற்று. நோயில்லாதவளை நோயாளி என்பது ஓர் அநீதி. நோயாளியை நோயில்லாதவள் என்பதும் அநீதிதான். முதல் அநீதியைச் செய்பவன் கல்நெஞ்சனாகத் தோன்றுகிறான். இரண்டாவதைச் செய்பவன் அன்புள்ளவனாகத் தோன்றுகிறான். அதனால்தான் இரண்டாவது அதிக நாள் பிடிபடாமல் இருக்கிறது.

வேலூர்க் கிராமங்களிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 10/66 குழுவினர் 2008இல் வெளியிட்ட கணக்கில், அமெரிக்க மனநல மருத்துவர்களின் இலக்கணப்படி பார்த்தால், அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட கிராமத்து இந்தியர்களில் மறதி நோய் உள்ளவர்கள் நூற்றுக்கு 0.3 பேர்தான். கியூபாவில் 6.3. நம் கிழவிகள் அவ்வளவு பாக்கியசாலிகளா? அதே குழுவினர், உள்ளூர்ப் படிப்பு நிலைக்கு ஏற்பத் தாங்கள் வகுத்த முறையில் பார்த்தபோது, எந்த நாட்டிலும் அது 5.6க்குக் குறையவில்லை. பழைய இலக்கணம், நினைவு குன்றியதோடு வாழ்க்கைக் காரியங்களும் தடைப்பட்டதாக வீட்டார் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மாமியாரின் காரியத்தை மருமகள் செய்துவிடுகிறாள். "வயசாச்சு, அப்படித்தான்" என்கிறோம். ராத்திரியில் யாரோ ஒருத்தி நிறம் மாறிய ஊடையை மாற்றிச் சுற்றி வைத்துவிடுகிறாள். காலையில் காரியம் தடைப்படவே இல்லை!

அதனால்தான் அந்தக் குழுவினர் முதியவரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், கூட இருப்பவரிடமும் தனியாக உட்கார்ந்து கேட்கிறார்கள்: முன்பு செய்ததை இப்போது செய்கிறாரா? எதில் மாறியிருக்கிறார்? பெரியம்மாவை அளக்க உலகத்தில் மிகச் சரியான சாண், பள்ளி செல்லாத பிற கிழவிகளின் சாணும் அன்று. அது அவளுடைய நேற்று. அந்த நேற்றை அறிந்தவள் ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள். மருத்துவமனைப் பெண்ணும் அவளைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்னும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. படிக்காதவர்களுக்குத் தனிக் கோடு போட்டுத் தாழ்த்துவது நியாயம் என்றேன். ஆனால் பள்ளிப்படிப்பு இல்லாமையே மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. தவிர்க்கக்கூடிய 14 காரணங்களை 2024இல் பட்டியலிட்ட லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு அதையும் ஒன்றாக வைத்திருக்கிறது. ஒரு குழந்தையை மூன்றாம் வகுப்பில் நிறுத்தி ராட்டையில் உட்கார வைத்தோம். எழுபது ஆண்டு கழித்து அவள் மதிப்பெண் குறைந்தபோது, "படிக்காதவளுக்கு இது சகஜம்" என்று கோட்டைத் தாழ்த்திக் கணக்கைச் சரிக்கட்டுகிறோம். நாம் அவளுக்குப் பட்ட கடன், சலுகை என்ற பெயரில் ஏட்டிலிருந்து அடித்துவிடப்படுகிறது. இது நியாயம்தானா?

வெகுநாள் யோசித்து நான் கண்ட விடை இதுதான். ஒருத்தி நோயாளியா என்று தீர்மானிக்கும் இடத்தில், அவளை அவள் கூட்டத்தோடும் அவள் நேற்றோடும்தான் ஒப்பிட வேண்டும். ஊரும் நாடும் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் இடத்தில், கோட்டைத் தாழ்த்தாமல் அந்த வித்தியாசத்தை அப்படியே பார்க்க வேண்டும். 29க்கும் 22க்கும் நடுவிலுள்ள ஏழு, கிழவியின் குறை அன்று. நமக்கு வந்த மதிப்பெண். இரண்டு ஏடுகளையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்கக் கூடாது.

பெரியம்மாவை வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். இந்த முறை மருமகளும் வந்தாள். டாக்டர் பெரியம்மாவோடு கால்மணி பேசினார். மருமகளோடு அரைமணி பேசினார். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டுக் குறைவு, மனச்சோர்வு என்று மறதிபோலத் தோன்றி, மருந்தால் சரியாகக்கூடியவை சில உண்டாம்; முதலில் அவற்றைப் பார்த்தார். சிறிது பி12 குறைவு இருந்தது. அதற்கு ஊசி போட்டார். அதற்கு அடியில் உண்மையான நோயும் இருந்தது. அதற்கு முழு வைத்தியம் இல்லை என்று மறைக்காமல் சொன்னார். கதவுக்கு உள்தாழ்ப்பாள் எங்கே வைப்பது, தனியே வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி, மருமகளுக்கு வாரத்தில் ஒரு நாளாவது யார் ஓய்வு கொடுப்பது என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்தார். ஏழு மாதத்துக்கு முன்பே இந்தக் காகிதம் கிடைத்திருக்க வேண்டியது. அந்த ஏழு மாதத்தை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவன் நான்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களையும் என்றாவது ஒருநாள் இப்படி ஒரு தாளின் முன் உட்கார வைக்க நேரலாம். மதிப்பெண்ணைக் கண்டு பயந்துவிடாதீர்கள்; யாரோடு ஒப்பிட்ட மதிப்பெண் என்று கேளுங்கள். மதிப்பெண்ணை அலட்சியமும் செய்துவிடாதீர்கள். காரோட்டி வரும் பிள்ளை மட்டும் போகாமல், அடுப்பங்கரையில் கூட நிற்பவளையும் அழைத்துப் போங்கள். அவளைப் பேச விடுங்கள்.

சென்ற மாதம் போயிருந்தேன். பெரியம்மா என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. வெறும் ராட்டை ஒன்றை மருமகள் அவள் முன் வைத்திருந்தாள். நூல் இல்லாத ராட்டையை அந்தக் கை அழகாக, ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. "என்ன நிறம் சுற்றுகிறீர்கள், பெரியம்மா?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்லவில்லை. மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"பச்சை, மாமா" என்றாள் அவள்.